ஆம்பூர்க் கடையில் வாங்கிய ஷூவும் செருப்பும்: ஒரு மதிப்புரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூரைத் தொடும் இடத்தில் பிரியாணிக் கடைகளும் தோல் காலணிக் கடைகளும் மாறி மாறி வருகின்றன. அவற்றுள் நடுத்தர அளவிலான ஒரு காலணிக் கடையில் வாங்கிய இரண்டு பொருள்களைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒன்று, அலுவலகத்துக்கு அணியக்கூடிய கறுப்பு ஷூ. மற்றொன்று, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலால் ஆன ஆண்கள் செருப்பு. கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. கீழே சொல்லப்படும் குறைகள் அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல. அதே சரக்கு பக்கத்துக் கடைகளிலும் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது, கேட்ட கேள்விக்கு அதே பதிலும் கிடைக்கிறது.

ஷூவின் விலை 2,350 ரூபாய். ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று அழைக்கப்படும் இந்த ரகம், வெளிநாட்டு பிராண்டு ஒன்றுக்காகத் தைக்கப்பட்டு ஆர்டருக்கு மேல் மிஞ்சியதாக இருக்கலாம், அல்லது தரச் சோதனையில் சிறு குறை காரணமாகக் கழிக்கப்பட்டதாக இருக்கலாம். மிஞ்சியதும் கழித்ததும் ஒன்றல்ல என்பதால், எது என்று கேட்டு வாங்குவது நல்லது. எனக்குக் கொடுத்த ஜோடியில் இடது ஷூவின் நாக்குப் பகுதி சற்றே வெளிறியிருந்ததைக் கடைக்காரரே எடுத்துக் காட்டினார்; கயிறு கட்டிய பிறகு அது வெளியே தெரிவதில்லை. மேல்தோல் மாட்டுத் தோல், உள்ளே ஆட்டுத் தோல் லைனிங். தையல் நெருக்கமாகவும் ஒரே கோட்டிலும் இருக்கிறது. குதிகாலின் உட்புறம் மடித்துத் தைக்கப்பட்டிருப்பதால் புது ஷூ கடிக்கும் என்ற பயம் வேண்டியதில்லை. சென்னையின் பெரிய கடைகளில் இதே தரத்துக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரே எச்சரிக்கை அடிப்பாகத்தைப் பற்றியது. இந்த ஷூக்களில் பலவற்றுக்கு பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக் சோல்தான் இருக்கிறது. மெத்தென்று இருக்கும், எடை குறைவு. ஆனால் அணியாமல் கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் அது மெல்ல மெல்லச் சிதையும் தன்மை உடையது. கிடங்கில் சில ஆண்டுகள் கிடந்த சர்ப்ளஸ் ஷூவை வாங்கிப்போய், முதல் கல்யாண வீட்டிலேயே சோல் துகள் துகளாக உதிர்ந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய பேர் உண்டு. எனவே பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, கட்டைவிரலால் சோலை அழுத்திப் பிசுபிசுப்போ வெடிப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

செருப்பின் விலை 1,480 ரூபாய். இதன் தோல், இன்று பெரும்பாலான தோல்களைப் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு இல்லாமல், மரப்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்புச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமானது; ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்தத் தொழிலின் பழைய சரக்குகள். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல் நாமே இதைச் சோதிக்கலாம். வாரின் வெட்டு விளிம்பைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு நிறம் தெரியும்; குரோம் தோலாக இருந்தால் நடுவில் ஒரு நீலச் சாம்பல் கோடு ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மரப்பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். தொடக்கத்தில் விறைப்பாக இருக்கும் இந்தச் செருப்பு, போகப்போகப் பாதத்தின் வடிவத்துக்கு இணங்கிவிடுகிறது. வேலூர் வெயிலில் குரோம் தோலைவிட வியர்வையை நன்றாக உறிஞ்சுகிறது. மழைக்கு ஆகாது. நனைந்தால் கறை படியும், மூலையில் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இவை குறைகள் அல்ல, அந்தத் தோலின் இயல்பு.

பொருள்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவே போதும். நான் விரிவாக எழுத நினைப்பது அந்தச் செருப்பில் தொங்கிய ஓர் அட்டையைப் பற்றி. இலைப் படம் போட்டு, ‘இயற்கை முறையில் பதனிட்டது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். யார் பதனிட்டது, எந்த ஊரில், அந்த டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) கழிவுநீர் எங்கே போகிறது என்பதற்கு அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. ஷூவில் அந்த அட்டைகூட இல்லை. “பாய், இது எந்த டேனரித் தோல்?” என்று கேட்டேன். அவர் மழுப்பாமல் பதில் சொன்னார்: “வெளிநாட்டுக்காரன் ஆளை அனுப்பி எல்லாப் பேப்பரும் பார்ப்பான் சார். கடைக்கு வர்றவங்க சைஸும் ரேட்டும்தான் கேட்பாங்க. பேப்பர் கம்பெனியிலேயே இருக்கும், நம்மகிட்ட வராது.”

அவர் சொன்னது உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்ற விதி 2015 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதனிடுவதற்கு இடுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது அவ்வளவு கேடு செய்வதில்லை. பதனிடுதலும் சேமிப்பும் சரியில்லாதபோது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறனாக மாறித் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. அதனால் அங்கே வாங்குபவர்கள் ஆய்வக அறிக்கை கேட்கிறார்கள். அதற்கு மேல், 2005-இல் பிராண்டுகளும் தோல் உற்பத்தியாளர்களும் சேர்ந்து தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு டேனரிகளைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. பெரிய பிராண்டுகள் பல இந்தத் தரம் பெற்ற டேனரியிலிருந்துதான் தோல் வாங்குகின்றன. ஆக, என் காலில் இருக்கும் ஷூவின் உடன்பிறப்பு ஜெர்மனியில் விற்கப்படும்போது அதன் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. அதே ஷூ ஆம்பூரில் விற்கப்படும்போது கோப்பு கழன்று விழுந்துவிடுகிறது. தொழிலுக்குத் தண்ணீர் கொடுத்ததும், கழிவை வாங்கிக்கொண்டதும் ஜெர்மனி அல்ல என்பதுதான் இதில் உறுத்தும் இடம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூர், வேலூர் வழியாகப் போகும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. தண்ணீர் மணலுக்குக் கீழே ஓடுகிறது, ஊர்கள் கிணறுகளில் அதை எடுத்துக்கொள்கின்றன. ஆறு வறண்டதற்கு மேல்பகுதி அணைகளும் மணல் அள்ளுவதும் காரணங்கள். அந்தப் பழியைத் தோல் தொழிலின் மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. ஆனால் ஓடாத ஆற்றில் விடப்பட்ட கழிவு அடித்துச் செல்லப்படாமல் அப்படியே மணலில் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், டேனரிகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது நம் ஊர்க் கிணறுகளை முன்னிட்டுத்தான். இன்று இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் வேலூர் என்ற பெயரைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. இதில் பெருமைப்படலாமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மொத்தம் 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. ஆளுக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துப் பார்த்தால் பத்தாயிரத்தை எட்டுவதில்லை. அதன் பிறகும் வழக்கு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, நிலுவையிலுள்ள இழப்பீட்டை மாநில அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீராக்கும் பணியை மேற்பார்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இடையில் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் (குரோமிய உப்பு) ஆலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுச் சென்றிருந்தது. தொழிலை நடத்தியவர்கள் போய்விடலாம். கழிவுக்குப் போக இடமில்லை.

இவ்வளவுக்குப் பிறகு, ‘இயற்கை முறை’ என்ற அட்டைக்கு வருகிறேன். குரோமியத்தை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தை அது தருகிறது. பாலாற்றுக் கரை நிலங்களைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆடு மாடு அறுத்த இடத்திலிருந்து டேனரிக்கு வந்து சேரும்வரை தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பை வாரி இடுகிறார்கள். டேனரியில் முதல் வேலையாகத் தோலை ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு அனைத்தும் நீரில் இறங்குகிறது. குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்து மறுபடியும் பயன்படுத்த வழி இருக்கிறது. கரைந்த உப்பு வடிகட்டியில் நிற்காது, நுண்ணுயிர் தின்று தீர்க்காது. மரப்பட்டையில் பதனிடும் டேனரியும் உப்பிட்ட தோலைத்தான் வாங்குகிறது, அதைத்தான் அலசுகிறது. துவர்ப்புச் சாறு கலந்த அதன் கழிவுநீரும் கருஞ்சிவப்பாகவும் ஆக்சிஜனை உறிஞ்சுவதாகவும் இருக்கும். ஆகவே என் செருப்பு ஷூவைவிட ஒரு படி மேல் என்று சொல்லலாமே தவிர, அட்டையில் உள்ள இலைப் படம் அளவுக்குப் பச்சையானது அல்ல.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை. பல டேனரிகளுக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை எதிர் சவ்வூடுபரவல் மூலம், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே அழுத்தி, வடித்து, நல்ல நீரை மறுபடி டேனரிக்கு அனுப்பி, எஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிகலன் நீராவியால் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகும் வேலை இது. இதற்குப் பணம் போட்டு ஒழுங்காக நடத்தும் முதலாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்குரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஒழுங்காக நடத்துபவருக்கும் இரவில் மழையோடு மழையாகத் திறந்துவிடுபவருக்கும் கடைவாசலில் வித்தியாசமே தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். இருவரின் தோலும் ஒரே விலைக்கு வந்தால், செலவு செய்தவர் ஏமாந்தவர் ஆகிறார்.

சமூகப் பொறுப்பு என்றவுடன் நம் ஊரில் பலரும் காட்டுவது கம்பெனி பெயர் பொறித்த பள்ளிக்கூட பெஞ்சையும் பேருந்து நிழற்குடையையும்தான். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. நம் பகுதியின் சிறு டேனரிகள் பலவும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. வருகிற நிறுவனமும் தன் கழிவைத் தானே சுத்திகரிப்பதை இந்தக் கணக்கில் காட்ட முடியாது, ஏனெனில் வழக்கமான தொழில் நடவடிக்கைகள் அதில் சேரா. அது சரியான ஏற்பாடுதான். ஆனால் இதனால் ஒரு மயக்கமும் உண்டாகிவிட்டது: லாபத்தில் இரண்டு பங்கை எப்படிக் கொடுத்தார்கள் என்று கைதட்டுகிறோம், மீதித் தொண்ணூற்றெட்டை எப்படிச் சம்பாதித்தார்கள் என்று கேட்பதில்லை. கிணறு உப்பான ஊருக்குக் குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டு ரிப்பன் வெட்டுவதை எப்படி வாழ்த்துவது?

தொழிலாளர் பக்கம் இன்னும் இருட்டாக இருக்கிறது. ஷூ கம்பெனி வண்டிகளில் விடிகாலையில் போகும் பெண்கள் பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வருகிறார்கள். இந்தத் தொழில் அந்தக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைக்கும் வேலை இடைத்தரகர் மூலம் வீடுகளுக்கும் போகிறது. ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கும் அந்தப் பெண்களின் வீட்டுக்கு எந்த வெளிநாட்டுத் தணிக்கையாளரும் போய்ப் பார்ப்பது அரிது. நான் வாங்கிய ஷூ முழுவதும் இயந்திரத் தையல் என்று கடைக்காரர் சொன்னார், பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது. அதே கடையில் அடுக்கியிருந்த, கயிறு இல்லாத மொக்காசின் ரகம் கைத்தையல். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையின் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுக் குழம்பு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் அருகே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுற்றுச்சூழலைக் காக்க எழுப்பிய அமைப்பே ஆளைக் கொன்றது என்றால், கழிவும் தொழிலாளர் பாதுகாப்பும் தனித்தனிக் கோப்புகள் அல்ல என்பது விளங்கும்.

கடைக்கு வருவோம். விற்பனைப் பிரிவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இருவருக்கும் முக்காலி போட்டிருந்தது, வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்தும் இருந்தார்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்திய பிறகும் வேலூரின் பெரிய ஜவுளிக் கடைகள் சிலவற்றில் இதைக் காண முடிவதில்லை என்பதால், இந்தக் கடையை மனமாரப் பாராட்டுகிறேன். ஜி.எஸ்.டி. பில் கேட்காமலே கொடுத்தார்கள். பையில்தான் சறுக்கல். துணிபோலத் தோன்றும் நெய்யாத பையில் ஷூவைப் போட்டுக் கொடுத்தார்கள். அது துணி அல்ல, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இந்தப் பையும் இருக்கிறது. சுற்றுச்சூழல் அட்டை தொங்கும் செருப்பைத் தடை செய்யப்பட்ட பையில் போடுவதைச் சுட்டிக் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அட்டைப் பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்.

இந்தக் கடைகளிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதல்ல. அபாயகரக் கழிவை உண்டாக்கும் ஆலைகள் அதன் விவரத்தை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் உத்தரவிட்டது. ராணிப்பேட்டைப் பக்கம் போனால் வாசலில் அத்தகைய பலகைகளைப் பார்க்கலாம். அதில் பாதியைக் காலணிப் பெட்டியில் போடலாம்: டேனரி இருக்கும் ஊர், அது சேர்ந்துள்ள சுத்திகரிப்பு நிலையம், ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை எந்தத் தேதிவரை செல்லும், குரோமியச் சோதனையின் முடிவு. இந்த நான்கும் ஏற்றுமதிக் கோப்பில் ஏற்கெனவே தட்டச்சாகி இருப்பவை, புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து ஒரு நகல் வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினாலே போதும். வாங்குபவர்களும் சைஸ் கேட்கும்போதே இதையும் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள், அடிக்கடி கேட்டால் நகல் வந்துவிடும். கம்பெனிக்காரர்களுக்கு இது பாதகம் அல்ல. ஒழுங்காக நடத்துபவர் தன் செலவை விலையில் சொல்லிக் கேட்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. அப்படி ஒரு தாளோடு வரும் ஷூவுக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயார்.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஷூவைப் பொறுத்தவரை தயாரித்த தேதி ஓராண்டுக்குள் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். செருப்பை அரை சைஸ் இறுக்கமாகவே எடுங்கள், தோல் இளகும். வாங்கிய அன்றே தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக லேசாகத் தடவி ஒரு நாள் நிழலில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். சோல் தேய்ந்தால் கடையிலேயே வாங்கிக்கொண்டு, மாற்றித் தைத்துத் தருகிறார்கள். செருப்புக்கு 350 ரூபாய், ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒட்டு வார்ப்பாக வரும் பாலியூரித்தேன் சோலுக்கு இந்த வசதி கிடையாது, எனவே ஷூ நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், கொஞ்சம் எடை கூடினாலும், தைத்த ரப்பர் சோல் உள்ள ரகத்தைக் கேட்டு வாங்கவும். அதன் விலை 2,800-க்கு மேல்.